மால்குடியின் மொழி: சங்கர் நாக்கின் நாடக, திரைப்பணிகள் – மொழிபெயர்ப்பு நோக்கு

கன்னடத் திரையுலகில் 1978 முதல் 1990 வரை இயங்கிய சங்கர் நாக் குறித்து எழுதப்பட்டவற்றுள் பெரும்பாலானவை அவரை இருவேறு மனிதராகப் பிரித்துக் காண்பன. கிரீஷ் கர்னாடின் படத்தில் நடித்துப் பன்னாட்டுத் திரைப்பட விழாவில் விருது பெற்ற கலைஞர் ஒருவர். 'ஆட்டோ ராஜா' (1980) முதலாய படங்களில் சண்டையிட்டுக் கர்நாடகத்து ஆட்டோ ஓட்டுநர்களின் வண்டிகளில் இன்றளவும் படமாக ஒட்டப்பெற்றிருக்கும் நட்சத்திரம் மற்றொருவர். கலைப்படம், வணிகப்படம் என்னும் இப்பாகுபாடு திரைப்படத் திறனாய்வுக்குப் பழக்கமானதே. ஆயினும் இவ்வொரு கலைஞரைப் பொறுத்தவரை அது அதிகம் விளக்குவதில்லை. பன்னிரண்டாண்டுக் காலத்தில் எண்பதுக்கும் மேற்பட்ட படங்களில் நடித்த ஒருவரின் படங்களுள் பல மறுமுறை காணத்தக்கன அல்ல என்பதை ஒப்புக்கொண்டு, எஞ்சியவற்றை வேறோர் அச்சில் வைத்து நோக்குதல் தகும். அவ்வச்சு மொழி. அவர் இயற்றிய குறிப்பிடத்தக்க பணிகளுள் பல, ஒரு மொழியிலிருந்து மற்றொரு மொழிக்கு, அல்லது எழுத்திலிருந்து மேடைக்கும் திரைக்கும் பெயர்க்கப்பட்டவை. நடிகராகத் தொடங்கி இயக்குநரான அவருடைய வளர்ச்சியை ஒரு மொழிபெயர்ப்பாளரின் வளர்ச்சியாகவும் காண இயலும்.

மும்பையும் மராத்தி மேடையும்

வட கன்னட மாவட்டத்து ஹொன்னாவரத்தை அடுத்த மல்லாபுரத்தில் 1954 நவம்பர் 9 அன்று பிறந்த சங்கர் நாகரகட்டேயின் வீட்டுமொழி கொங்கணி, ஊர்மொழி கன்னடம். இளமையில் மும்பை சென்று, வங்கியில் எழுத்தராகப் பணியாற்றிக்கொண்டே மராத்தி நாடக மேடையில் பயின்றார். மராத்தி மேடை அப்போது எழுத்தாளரை நடுவாகக் கொண்ட மேடை. பாட்டும் காட்சிப் பகட்டும் குறைந்து, பேச்சே நாடகத்தை நடத்திச் சென்ற காலம். அங்கே பயின்ற நடிகர் ஒருவருக்கு உரையாடலின் ஏற்றத்தாழ்வுகளே முதற்பாடமாக அமைந்திருக்கும். ஜெயூ, நச்சிகேத் பட்வர்தன் இணையர் இயக்கிய '22 ஜூன் 1897' (1979) என்னும் மராத்திப் படத்தின் எழுத்துப்பணியில் சங்கர் நாக் பங்கு கொண்டார். சாபேகர் உடன்பிறந்தார் புனேயில் ஆங்கில அதிகாரி ராண்டைச் சுட்டுக்கொன்ற நிகழ்ச்சியைக் கூறும் படம் அது. கன்னடத்தில் இயக்குநராவதற்கு முன்னரே, தாய்மொழியல்லாத ஒரு மொழியில் எழுத்தாளராகச் செயற்பட்டவர் அவர் என்பது இங்குக் கருதத்தக்கது.

'ஒந்தானொந்து காலதல்லி' (1978) அவரைக் கன்னடத்துக்குக் கொணர்ந்தது. குரோசாவாவின் சாமுராய்ப் படங்களுக்கு வணக்கம் செலுத்தும் வகையில் கர்னாட் எடுத்த அப்படமே ஒருவகைப் பெயர்ப்புத்தான்: ஜப்பானியக் கூலிவீரன், பழங்கன்னட நாட்டின் கூலிவீரனாகிறான். அதில் நடித்தமைக்காக 1979இல் இந்தியப் பன்னாட்டுத் திரைப்பட விழாவில் சிறந்த நடிகருக்கான விருது சங்கர் நாக்குக்குக் கிடைத்தது. அதன்பின் அவர் பெங்களூரில் நிலைகொண்டார். மராத்தி, குஜராத்தி, இந்தி மேடைகளில் நடித்துக்கொண்டிருந்த அருந்ததி அவரை மணந்து பெங்களூர் வந்து கன்னடம் பயின்று கன்னட மேடையேறினார். இவ்விருவரும் அமைத்த 'சங்கேத்' குழு கர்னாடின் 'அஞ்சு மல்லிகே', ஜெயவந்த் தள்வியின் 'பாரிஸ்டர்', 'சந்தியா சாயா' ஆகியவற்றைக் கன்னடத்தில் மேடையேற்றியது. தள்வியின் இரண்டும் மராத்தி மூலம் உடையவை.

'சந்தியா சாயா' முதியோர் இருவரின் நாடகம். ஒரு மகன் அமெரிக்காவில், மற்றவன் படைப்பணியில். வீட்டில் கணவனும் மனைவியும் மட்டும். இந்நாடகத்தில் தன்மைப் பன்மைச் சொல் தாங்கும் சுமை பெரிது. மராத்தியில் 'ஆபண்' என்பது கேட்போரை உளப்படுத்துவது; 'ஆம்ஹீ' உளப்படுத்தாதது. தமிழின் 'நாம்', 'நாங்கள்' வேறுபாட்டுக்கு ஏறத்தாழ நிகரானது இது; இந்தோ–ஆரிய மொழியாகிய மராத்தியில் இவ்வேறுபாடு காணப்படுவதற்குத் திராவிட மொழிகளின் அண்மையைக் காரணம் காட்டுவோர் உளர். விந்தை யாதெனில், திராவிட மொழியாகிய இக்காலக் கன்னடத்தில் இவ்வேறுபாடு இல்லை. 'நாவு' ஒன்றே இரண்டுக்கும் நிற்கிறது. முதியவர் மனைவியை நோக்கிக் கூறும் 'நாம் இருவரும்' என்பதும், இல்லாத மகனை எண்ணிக் கூறும் 'நாங்கள் இங்கே' என்பதும் கன்னடத்தில் ஒரே வடிவம் பெறும். மராத்தியில் சொல் செய்த வேலையைக் கன்னட மேடையில் நடிகர் செய்தாக வேண்டும். முகத்தைத் திருப்பும் திசையால், ஒரு சிறு இடைநிறுத்தத்தால், கண்ணால். அச்சிலே நிற்கும் மொழிபெயர்ப்பாளனுக்கு இவ்வசதி இல்லை. மேடைப் பெயர்ப்பைப் பனுவலை மட்டும் கொண்டு மதிப்பிடுவோர் பெரும்பாலும் காணத் தவறுவது இதனையே.

அதே குழு மேடையேற்றிப் பின்னர் படமாகவும் ஆன 'நோடி சுவாமி நாவிரோது ஹீகே' என்னும் தலைப்பைத் தமிழாக்க முற்படுவோர்க்கு இதே சிக்கல் தலைகீழாக எழும். 'பாருங்கள் ஐயா, நாங்கள் இருப்பது இப்படித்தான்' எனலாம். 'சுவாமி' என ஒருவரை விளித்த பிறகு அவரை உளப்படுத்தாத 'நாங்கள்' இலக்கணத்துக்குப் பொருந்தும். ஆனால் அந்நகைச்சுவையின் குறி, பார்த்திருப்போரும் தம்மைத் தாமே கண்டு சிரிப்பது. அதற்கு 'நாம்' வேண்டும். கன்னடத் தலைப்பு இரண்டையும் ஒருசேரக் கூறிவிட்டுப் போகிறது. தமிழ் ஒன்றைத் தேர்ந்தே தீரவேண்டும். மொழி ஒன்றில் ஒரு வேறுபாடு இல்லாமை குறையன்று, சிலபோது அதுவே வளம் என்பதற்கு வகுப்பறையில் காட்டத்தக்க எடுத்துக்காட்டு இது.

திரைக்கு வந்த பின்

இயக்குநராக அவர்தம் தொடக்கம் 'மிஞ்ச்சின ஓட்டா' (1980). கார் திருடர்களைப் பற்றிய இப்படம் கர்நாடக அரசின் திரைப்பட விருதுகள் பலவற்றைப் பெற்றது. (தமிழெழுத்தில் இத்தலைப்பை 'மிஞ்சின' என எழுதினால் 'மிகுதியான' என்னும் வேறு சொல்லாகிவிடும், கன்னட 'மிஞ்ச்சு' தமிழின் 'மின்' என்பதோடு உறவுடையது, மின்னலைக் குறிப்பது. மெல்லினத்தை அடுத்த வல்லினம் ஒலிப்புடையதாகவே படிக்கப்படும் தமிழ் எழுத்துமுறை அண்டை மொழிப் பெயர்களைத் தாங்கும்போது ஏற்படும் இடர்களுள் இதுவும் ஒன்று.) அடுத்து வந்த 'கீதா' (1981) இளையராஜாவின் பாடல்களால் நினைக்கப்படுகிறது. 'ஆக்ஸிடெண்ட்' (1985) இவற்றினும் கனமானது: அரசியல்வாதியின் மகன் குடிபோதையில் காரோட்டி நடைபாதையில் உறங்கியோரைக் கொல்கிறான், அதிகாரம் அதை மறைக்கிறது. பிற சமூகச் சிக்கல்களைப் பற்றிய சிறந்த படத்துக்கான தேசிய விருது இதற்குக் கிட்டியது. 'அபகாத' என்னும் வழக்குச்சொல் கன்னடத்தில் இருக்க, ஆங்கிலச் சொல்லைத் தலைப்பாக வைத்ததை வணிக உத்தி என ஒதுக்க வேண்டுவதில்லை. கொலையை 'ஆக்ஸிடெண்ட்' எனப் பெயரிட்டு முடித்துவிடும் வழக்கம் காவல்நிலையத்துக்கும் செய்தித்தாளுக்கும் உரியது. அங்கே புழங்கும் சொல் அதுவே.

'ஒந்து முத்தின கதே' (1987) வேறுவகை. ஸ்டெய்ன்பெக்கின் 'தி பேர்ல்' (1947) என்னும் குறுநாவலை அடியொற்றியது. அந்நாவலோ மெக்சிகோ நாட்டுப்புறக் கதையொன்றிலிருந்து கிளைத்தது. வாய்மொழிக் கதை ஆங்கில எழுத்தாகிக் கன்னடத் திரையாகிறது. இவ்வளவு நெடிய வழி கடந்து வந்த கதை கடைசியில் ராஜ்குமார் என்னும் பெருநடிகரிடம் வந்து நின்றுவிட்டது. குப்பி வீரண்ணாவின் நாடகக் குழுவில் பயின்றவர் ராஜ்குமார்; அவரது திருத்தமான கன்னட உச்சரிப்பே ஒரு தலைமுறைக்குச் செந்தரமாக விளங்கியது. ஸ்டெய்ன்பெக்கின் மீனவன் தன் எண்ணங்களைச் சொல்லாக்கத் தெரியாதவன். அவன் உள்ளத்தில் பாட்டுகளே ஓடுகின்றன. சொல்லற்றவனாக இருக்கவேண்டிய பாத்திரத்தைச் சொல்வன்மைக்கே பெயர்பெற்றவரிடம் ஒப்படைத்தது இயக்குநரின் பிழை என்றே கூறவேண்டும். கன்னட மக்கள் ராஜ்குமாரைக் கேட்க வந்தனர். மீனவனைக் காண வரவில்லை.

மூலம் மறைந்த மூலம்

சங்கர் நாக்கின் பெயர் கர்நாடகத்துக்கு வெளியே நிலைத்திருப்பது 1986இல் தூர்தர்ஷனில் ஒளிபரப்பான 'மால்குடி டேஸ்' தொடரால். ஆர்.கே. நாராயணின் 'சுவாமி அண்ட் பிரண்ட்ஸ்' (1935), 'தி வெண்டர் ஆஃப் ஸ்வீட்ஸ்' (1967) ஆகிய நாவல்களும் சிறுகதைகள் பலவும் 39 பகுதிகளாயின. டி.எஸ். நரசிம்மன் தயாரித்தார், ஆர்.கே. லட்சுமணின் கோட்டோவியங்கள் இடம்பெற்றன. சுவாமிநாதனாக மாஸ்டர் மஞ்சுநாத், தந்தையாக கிரீஷ் கர்னாட், மிட்டாய்க்கடை ஜகனாக அனந்த் நாக். முதல் 13 பகுதிகள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் எடுக்கப்பட்டன. எஞ்சியவை இந்தியில் மட்டும்.

மொழிபெயர்ப்பு ஆய்வாளர்க்கு இத்தொடர் முன்வைக்கும் வினா எளிதன்று. பெயர்ப்பு என்றால் மூலம் வேண்டும். நாராயணின் மூலம் ஆங்கிலம் என நூலட்டை கூறும். ஆனால் மால்குடியின் பாட்டியும் மளிகைக்காரரும் ஆங்கிலத்தில் பேசிக்கொள்பவர் அல்லர். சென்னையில் பாட்டி வீட்டில் தமிழ் பேசி வளர்ந்து மைசூரில் வாழ்ந்த நாராயண், தம் மாந்தர் பேசும் மொழி இன்னதென்பதைப் பெரும்பாலும் சொல்லாமலே கதையை நடத்துகிறார். எனவே நாம் படிக்கும் ஆங்கில உரையாடல் ஏற்கனவே ஒரு பெயர்ப்பு. அதன் மூலம் எழுதப்படவே இல்லை. 'எ ஹார்ஸ் அண்ட் டூ கோட்ஸ்' (1970) கதையில் மட்டும் இத்திரை விலகுகிறது. தமிழன்றி வேறறியாத முனியும் ஆங்கிலமன்றி வேறறியாத அமெரிக்கரும் ஒருவரையொருவர் விளங்கிக்கொள்ளாமல் நெடுநேரம் உரையாடுகின்றனர். முனியின் தமிழும் ஆங்கிலமாகவே அச்சேறுகிறது. படிப்பவர் இருவரையும் விளங்கிக்கொள்கிறார், அதுவே நகைச்சுவை. இக்கதையைத் திரைக்குக் கொணரும் எவரும் இவ்வுத்தியை இழந்தாகவேண்டும். ஏனெனில் ஒலி ஏதேனும் ஒரு மொழியைத் தேர்ந்தெடுத்தே ஒலிக்கும்.

இந்தியைத் தேர்ந்தெடுத்தவர் சங்கர் நாக் அல்லர் எனலாம். 1982இல் தொடங்கப்பெற்ற தூர்தர்ஷனின் தேசிய நிகழ்ச்சியே அதைத் தேர்ந்தெடுத்திருந்தது. அத்தேர்வின் விளைவுகள் வாக்கியந்தோறும் வெளிப்படும். ஆங்கிலத்தின் 'யூ' முன்னிலையாரின் வயதையும் நிலையையும் மறைத்துக்கொள்ளும். இந்தியில் 'தூ', 'தும்', 'ஆப்' என்னும் மூன்றனுள் ஒன்றைக் கொள்ளாமல் ஒரு வினைமுற்றையும் முடிக்க இயலாது. நாராயண் அரை நூற்றாண்டு காலம் வெளிப்படுத்தாமல் காத்த படிநிலைகளை உரையாடல் எழுதுவோர் ஒரே நாளில் வெளிப்படுத்தியாக வேண்டும். உறவுமுறைச் சொற்களில் சிக்கல் இன்னும் கூடும். 'தி வெண்டர் ஆஃப் ஸ்வீட்ஸ்' நாவலில் ஜகனின் கடைக்கு நாள்தோறும் வந்து இனிப்பைச் சுவைத்துப் பார்த்துப் பேசிக்கொண்டிருப்பவர் 'கசின்' என்றே குறிக்கப்படுகிறார். ஊரில் பலருக்கும் அவர் 'கசின்'. எவ்வழி உறவு என்பது தெரியாமையே அப்பாத்திரத்தின் சுவை. ஆங்கிலச் சொல்லின் மங்கல் இங்கே நாவலாசிரியருக்குக் கைகொடுக்கிறது. தமிழில் அவர் பங்காளியா, அத்தானா, மைத்துனரா என்பதைச் சொல்லாமல் அழைக்க வழியில்லை. கொள்வினைக்குரிய முறையும் உடன்பிறப்பு முறையும் திராவிட உறவமைப்பில் எதிரெதிர் துருவங்கள். இந்தியில் எளிதில் கைக்கெட்டுவது 'பாயீ'. அது சகோதரன் என்பதன் விரிவு. மங்கல் காப்பாற்றப்படுகிறது, ஆயின் மணவுறவின் சாயல் அடியோடு நீங்கிவிடுகிறது. தமிழ் மூலத்தை ஊகித்துப் படிக்கும் வாசகர்க்கு இது சிறிய இழப்பன்று.

இவ்விழப்புகளுக்கு ஈடாக இயக்குநர் கைக்கொண்டவை மூன்று வகையில் புலப்படுகின்றன. முதலாவது, பேச்சின் ஒலி. தொடரில் கேட்கும் இந்தி தில்லியின் இந்தியுமன்று, லக்னோவின் உருதுச் சாயலுமன்று. தென்னாட்டு நடிகர் பலர் பேசும், அலங்காரம் குறைந்த, குறுந்தொடர்களாலான இந்தி. அக்கால மதிப்புரையாளர் சிலர்க்கு இது குறையாகப் பட்டிருக்கலாம். நாராயணின் ஆங்கிலமும் இத்தகையதே என்பதை எண்ணிப் பார்த்தால், தாய்மொழியாளரின் மரபுத்தொடர்களை நாடாத அந்நடைக்கு இதனினும் பொருத்தமான இந்தி கிடைத்திராது என்பது விளங்கும்.

இரண்டாவது, சொல்லுக்குப் பகரமாகப் பொருளையே காட்டுதல். நாராயணின் ஆங்கிலத்தில் 'பையோல்' என்றொரு சொல் வரும். போர்த்துக்கீசியத்திலிருந்து இந்திய ஆங்கிலத்துக்கு வந்த அச்சொல் திண்ணையைக் குறிப்பது. இந்தியின் 'சபூத்ரா' மேடை; திண்ணையன்று. தெருவுக்கும் வீட்டுக்கும் இடைப்பட்டு, வழிப்போக்கர்க்கும் உரிமையான இடமாகிய திண்ணையை ஒருசொல்லால் பெயர்க்க இந்தியில் வழியில்லை. சிமோகா மாவட்டத்து ஆகும்பேயில் உள்ள தொட்டமனை என்னும் பழைய வீட்டின் 'ஜகலி'யில் ஒளிப்படக்கருவியை வைத்ததும் இச்சிக்கல் தீர்ந்துவிடுகிறது. யாரும் அச்சொல்லை உச்சரிக்க வேண்டியதில்லை. 'ஜட்கா'வும் அவ்வாறே, வாயால் 'தாங்கா' என்றாலும் கண்முன் வருவது தென்னாட்டு வண்டியே.

இடத்தேர்வில் ஒரு முரண்பாடு உண்டு. ஆகும்பே மழைக்குப் பெயர்போன மலைநாட்டூர். பாசியும் ஓட்டுக்கூரையும் பாக்குமரமும் நிறைந்தது. நாராயணின் சரயு ஆற்றங்கரையோ மாலைநேரத்தில் ஊரார் கூடும் மணல்வெளி. வெயிலும் புழுதியும் உடைய மால்குடி, திரையில் ஈரமும் பசுமையும் கொண்டதாகிவிட்டது. இது பிறழ்ச்சியே. ஆயினும் 1965இல் வெளிவந்த 'கைட்' இந்திப் படத்தோடு ஒப்பிட்டால் இப்பிறழ்ச்சியின் அளவு சிறிதாகும். அப்படக்குழுவினர் கதையை இராசத்தானத்துக்கே பெயர்த்துச் சென்றுவிட்டதை நாராயண் கசப்பான நகைச்சுவையுடன் ஒரு கட்டுரையில் பதிவு செய்துள்ளார். மொழி, நிலம் இரண்டையும் மாற்றுவது தழுவல். மொழியை மாற்றி நிலத்தை ஏறத்தாழ நிறுத்திக்கொள்வது பெயர்ப்புக்கு நெருங்கியது. சங்கர் நாக் பின்னதைச் செய்தார்.

மூன்றாவது இசை. 'ஏழாவது மனிதன்' (1982) படத்தால் தமிழர் அறிந்த எல். வைத்தியநாதன் அமைத்த தொடக்க இசையில் சொல் இல்லை. 'தானா' என்னும் சந்த அசைகள் மட்டுமே. இந்தி தெரியாத தமிழ்நாட்டுச் சிறுவரும் அதைப் பாடித் திரிந்தமைக்கு இதுவே காரணம். மால்குடியின் மொழி எது என்னும் வினாவுக்குத் தொடர் முழுவதிலும் நேர்விடை அளிக்கும் பகுதி இதுவொன்றே: அந்த அசைகள் எந்த மொழியும் அல்ல, ஆனால் அவற்றின் சந்தம் தென்னாட்டுக் காதுக்கு அயலானதும் அன்று.

தாமே நடிகராக இருந்தமையால் விளைந்த நன்மை சிறுவனை இயக்கிய முறையில் தெரிகிறது. 'சுவாமி அண்ட் பிரண்ட்ஸ்' நாவலில் தந்தை மாம்பழக் கணக்கொன்று கொடுக்க, பழங்கள் கனிந்தவையா என்று மகன் ஐயுறும் பகுதி யாவரும் அறிந்தது. அச்சில் அதன் நயம் ஆசிரியரின் எடுத்துரைப்பில் உள்ளது. சிறுவனின் மனவோட்டத்தை நாராயண் தம் சொற்களால் தருகிறார். திரையில் எடுத்துரைப்பவர் இல்லை. அவ்வெற்றிடத்தைப் பின்னணிக் குரலால் நிரப்பாமல் மஞ்சுநாத்தின் முகத்துக்கும் கர்னாடின் பொறுமையின்மைக்கும் விட்டுவிட்டது நடிகரை நம்பும் இயக்குநரின் செயல். 'நாவு' என்னும் ஒரே சொல்லைக் கண்ணால் இரண்டாக்கிக் காட்டவேண்டியிருந்த மேடையின் பயிற்சி இங்கே பயன் தந்துள்ளது.

சந்திரசேகர் கம்பாரின் 'ஜோகுமாரசுவாமி' நாடகத்தைப் படமாக்கும் பணிக்குச் செல்லும் வழியில், 1990 செப்டம்பர் 30 அன்று தாவணகெரே அருகே நேர்ந்த சாலை விபத்தில் சங்கர் நாக் இறந்தார். வயது 35. கம்பாரின் நாடகம் வடகர்நாடக வட்டார வழக்கில் ஊறியது. பிறமொழி மூலங்களிலேயே பெரிதும் உழைத்த அவர், கன்னடத்துக்குள்ளேயே ஒரு வழக்கிலிருந்து மற்றொன்றுக்குச் செல்லும் அப்பணியை எவ்வாறு செய்திருப்பார் என்பது அறியக்கூடாததாயிற்று. பெங்களூரில் 2004இல் திறக்கப்பெற்ற 'ரங்க சங்கரா' அரங்கில் பல மொழி நாடகங்களும் இடம் பெறுவது அவர் வழியை ஒட்டியதே. தொடரில் மால்குடி நிலையமாகக் காட்டப்பெற்ற அரசாளு என்னும் சிற்றூர் இரயில் நிலையத்தில் 2020இல் மால்குடி அருங்காட்சியகமும் அமைந்துவிட்டது.

தமிழுக்கு எஞ்சியிருப்பது வேறு. நாராயணைத் தமிழாக்குவோர் ஆங்கிலத்திலிருந்து பெயர்ப்பதாகக் கொள்வதா, எழுதப்படாத தமிழ் மூலத்தை மீட்பதாகக் கொள்வதா என்பதை முதலிலேயே முடிவு செய்யவேண்டும். பின்னதைக் கொண்டால் பொதுத்தமிழ் போதாது. மைசூர்ப் பிராமணக் குடும்பங்களில் கன்னடம் கலந்து வழங்கும் தமிழா, சென்னைத் தமிழா என்னும் கேள்வி எழும். பாட்டியைச் சுவாமிநாதன் 'நீ' என்றே அழைப்பான், அதில் ஐயமில்லை. தந்தையை என்னவென்று அழைப்பான் என்பதற்கு 1930களின் குடும்ப வழக்குகளைத் தேடித் தொகுத்த பின்னரே விடை கூற இயலும்.